காலநிலை மாற்றத்தைக் கணக்கில் கொண்டு சாலைத் தளத்தை வடிவமைப்பது எப்படி

சாலைத் தளம் ஒன்றை வடிவமைக்க உட்காரும் பொறியாளர் முதலில் இரண்டு விவரங்களைத் தேடுவார்: எத்தனை கனரக வாகனங்கள் ஓடும், அடியில் உள்ள மண் எவ்வளவு தாங்கும். மூன்றாவது விவரமான வானிலை பெரும்பாலும் ஒரு கேள்வியாகவே எழுவதில்லை. கையேட்டின் அட்டவணையில் ஒரு வெப்பநிலையும் ஒரு மழையளவும் அச்சாகியிருக்கும். அவற்றை எடுத்து எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். அந்த அட்டவணை கடந்த சில பத்தாண்டுகளின் பதிவுகளிலிருந்து தயாரிக்கப்பட்டது, நாம் கட்டப்போகும் சாலையோ வரப்போகும் சில பத்தாண்டுகளில் வெயிலையும் மழையையும் தாங்கி நிற்க வேண்டியது. இந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நாம் நம்பிக் கையாளும் சூத்திரங்கள் எங்கிருந்து வந்தன என்பதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ (அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனையில், சுற்றுத் தடங்களில் லாரிகளை இடைவிடாமல் ஓட்டித் தளங்கள் எப்படிச் சேதமடைகின்றன என்று அளந்தார்கள். அச்சுச் சுமை இரட்டிப்பானால் சேதம் சுமார் பதினாறு மடங்காகும் என்ற நான்காம் படி விதி அங்கிருந்து கிடைத்ததுதான். உலகின் பல நாடுகளுடைய தள வடிவமைப்பு முறைகள் நேரடியாகவோ மறைமுகமாகவோ அந்தச் சோதனைக்குக் கடன்பட்டவை. ஆனால் அது ஒரே வகை அடிமண்ணின் மீது, ஒரே ஊரின் வானிலையில், இரண்டே ஆண்டுகள் நடந்த சோதனை. சுமையைப் பற்றி அது நிறையச் சொன்னது. நீண்டகால முதுமையைப் பற்றியும் வேறுபட்ட வானிலையைப் பற்றியும் அது சொல்லக்கூடியது குறைவு.

முதலில் ஆயுளைப் பிரித்து எழுதுங்கள்

காலநிலை மாற்றம் என்றதும் வடிவமைப்பாளர்களிடம் எழும் உடனடி எண்ணம், தளத்தின் தடிமனை எல்லா இடத்திலும் கொஞ்சம் கூட்டிவிடலாம் என்பது. இது செலவு மிகுந்த வழி மட்டுமன்று, பல நேரங்களில் பயனற்ற வழியும்கூட. மேலடுக்கின் பிட்டுமன் (ஜல்லியைப் பிணைக்கும், தார் போன்ற கரும்பொருள்) வெயிலில் இளகிப் பள்ளம் விழுகிறதென்றால், அதே பிட்டுமனைக் கூடுதல் தடிமனில் போடுவதால் பள்ளம் குறையப்போவதில்லை. சாலையை ஒற்றைப் பொருளாகப் பார்ப்பதால் வரும் பிழை இது. உண்மையில் சாலை என்பது வெவ்வேறு ஆயுள் கொண்ட பல உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அமைப்பு. மேல் தேய்மான அடுக்கு பத்து முதல் பதினைந்து ஆண்டுகளில் சுரண்டி எடுக்கப்பட்டுப் புதிதாகப் போடப்படும். அதன் கீழுள்ள பிணைப்பு அடுக்குகளும் அடித்தளமும் இருபது முதல் நாற்பது ஆண்டுகள் இருக்கும். கான்கிரீட் தளம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எதிர்பார்க்கப்படும். சிறுபாலங்களும் மண்கரையும் சாலையின் உயர மட்டமும் ஐம்பது முதல் நூறு ஆண்டுகளுக்கு மாறாமல் நிற்கும்.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, ஒவ்வொரு உறுப்புக்கும் நேராக அதன் ஆயுள் முடியும் ஆண்டை எழுதி, அந்த ஆண்டை ஒட்டிய காலநிலையை மட்டும் அந்த உறுப்புக்கு எடுத்துக்கொள்வது. இதில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. பசுங்குடில் வாயு உமிழ்வு கூடினாலும் குறைந்தாலும், அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்கான கணிப்புகள் ஒன்றுக்கொன்று அதிகம் விலகுவதில்லை. அதற்குப் பிறகுதான் கிளைகள் அகலமாகப் பிரிகின்றன. எனவே மேலடுக்கின் பிட்டுமனைத் தேர்வு செய்ய எந்த எதிர்காலம் சரியானது என்ற விவாதத்துக்குள் போகவே தேவையில்லை. அந்த விவாதம் முழுவதையும் சிறுபாலத்துக்கும் சாலை மட்டத்துக்கும் ஒதுக்கி வைக்கலாம். மேலடுக்கில் தவறினால் பத்தாண்டில் திருத்த வாய்ப்பு உண்டு. சிறுபாலத்தில் தவறினால் சாலையைத் தோண்ட வேண்டும்.

எந்தத் தரவை எடுப்பது

சராசரி ஆண்டு வெப்பநிலை இத்தனை டிகிரி உயரும் என்ற தகவல் தள வடிவமைப்புக்கு நேரடியாகப் பயன்படாது. வேண்டியவை இவை: கோடையின் மிக வெப்பமான தொடர்ச்சியான ஏழு நாட்களின் அதிகபட்ச வெப்பநிலைகளின் சராசரி, குளிர்காலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை, உறைந்து உருகும் சுற்றுகளின் எண்ணிக்கை, பத்து நிமிடம் முதல் சில மணி நேரம் வரை பெய்யும் மழையின் தீவிரம், நிலத்தடி நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம், தொடர்ந்து வறண்டிருக்கும் நாட்களின் நீளம்.

இவற்றுள் முதல் மூன்றையும் உலகளாவிய காலநிலை மாதிரிகளிலிருந்து ஓரளவு நம்பிக்கையோடு பெறலாம். ஆனால் ஒரே ஒரு மாதிரியை நம்பக்கூடாது. குறைந்தது ஐந்தாறு மாதிரிகளை எடுத்து, அவற்றின் நடு மதிப்பையும் மேல் எல்லையையும் பார்க்க வேண்டும். மாதிரி தரும் வெப்பநிலையை அப்படியே எடுப்பதும் தவறு. மாதிரிக்குள் கடந்த காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்து, அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவோடு கூட்டுவதே எளிய, நம்பத்தக்க முறை. குறுகிய நேர மழைக்கு மாதிரிகள் பலவீனமானவை. அங்கே இயற்பியல் கைகொடுக்கிறது: காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கக்கூடிய ஈரம் சுமார் 7 விழுக்காடு கூடுகிறது, கனமழையின் தீவிரமும் ஏறத்தாழ அதே வீதத்தில் கூடுகிறது.

ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழுவான ஐபிசிசி 2021-இல் வெளியிட்ட ஆறாம் மதிப்பீட்டு அறிக்கை இந்தக் கணக்குக்கு நல்ல அளவுகோல். தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம், புவி 1.5 டிகிரி சூடேறிய நிலையில் சுமார் நான்கு மடங்கு அடிக்கடி வரும் என்றும், பத்தாண்டுக்கு ஒருமுறை பெய்த ஒருநாள் கனமழை 2 டிகிரி உயர்வில் 1.7 மடங்கு அடிக்கடி வருவதோடு சுமார் 14 விழுக்காடு அதிகத் தீவிரத்துடன் பெய்யும் என்றும் அது மதிப்பிடுகிறது. இவை நிலப்பரப்பு முழுவதற்குமான சராசரிகள். குறிப்பிட்ட இடத்தின் எண் வேறுபடும். உள்ளூர்த் தரவு கிடைக்காத இடத்தில் இந்த எண்களை வைத்துத் தொடங்குவது, எதையும் வைக்காமல் தொடங்குவதை விட மேல்.

பிட்டுமன் தரத்தைத் தேர்ந்தெடுத்தல்

வெப்பத்தின் பாதிப்பு மிக நேரடியாகத் தெரியும் இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். பிட்டுமன் கலவையின் விறைப்பு 20 டிகிரியில் சில ஆயிரம் மெகாபாஸ்கலாக இருந்தால், 40 டிகிரியில் அது ஆயிரத்துக்கு அருகே இறங்கிவிடும். தளத்தின் வெப்பநிலையோ காற்றின் வெப்பநிலையை விட இருபது டிகிரிக்கும் மேல் கூடுதலாக ஏறக்கூடியது, ஏனெனில் கருமையான பரப்பு வெயிலின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது.

அமெரிக்காவில் 1987 முதல் 1993 வரை நடந்த நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டத்தின் விளைவாக வந்த சூப்பர்பேவ் முறையில், பிட்டுமன் அதன் வெப்பநிலை எல்லைகளால் பெயரிடப்படுகிறது. பிஜி 64-22 என்றால், தளம் 64 டிகிரி வரை சூடானாலும் பள்ளம் விழாமலும், கழித்தல் 22 டிகிரி வரை குளிர்ந்தாலும் வெடிக்காமலும் இருக்க வேண்டிய தரம். தரங்கள் ஆறு டிகிரி இடைவெளியில் ஏறுகின்றன: 58, 64, 70, 76. மேற்பரப்பிலிருந்து 20 மில்லிமீட்டர் ஆழத்தில் தளத்தின் உச்ச வெப்பநிலையைக் கணிக்க அந்த முறை ஒரு சூத்திரம் தருகிறது. ஏழு நாள் உச்சச் சராசரிக் காற்று வெப்பநிலையிலிருந்து, அட்சரேகையின் வர்க்கத்தை 0.00618-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும், அட்சரேகையை 0.2289-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும், அதோடு 42.2-ஐச் சேர்த்து, மொத்தத்தை 0.9545-ஆல் பெருக்கி, இறுதியில் 17.78-ஐக் கழிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். அட்சரேகை 20 டிகிரி, ஏழு நாள் உச்சச் சராசரி 40 டிகிரி என்று கொண்டால், தளத்தின் வெப்பநிலை 62.7 டிகிரி என்று வருகிறது. பிஜி 64 போதும் என்று தோன்றும். இப்போது காற்றின் வெப்பநிலையில் 2 டிகிரியைக் கூட்டினால் தளம் 64.6 டிகிரியைத் தொடுகிறது. 64 என்ற எல்லையைத் தாண்டிவிட்டதால் அடுத்த தரமான 70-க்குப் போக வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சராசரி ஆண்டை வைத்துக் கணக்கிட்டால், பாதி ஆண்டுகளில் வெப்பம் அதைவிட அதிகமாகவே இருக்கும். 98 விழுக்காடு நம்பகத்தன்மை வேண்டுமானால் திட்ட விலக்கத்தைப் (வெப்பம் ஆண்டுக்கு ஆண்டு சராசரியிலிருந்து விலகும் அளவு) போல் இரு மடங்கைக் கூட்ட வேண்டும். திட்ட விலக்கம் 1.5 டிகிரி என்றால், காற்றின் வெப்பநிலை 43 டிகிரி ஆகிறது, தளம் 65.5 டிகிரியைத் தாண்டுகிறது. அதாவது காலநிலை மாற்றத்தைச் சேர்க்காமலே 70 தேவைப்பட்டிருக்கிறது. பழைய நம்பகத்தன்மையைக் குறைத்து வைத்துக்கொண்டு புதிய வெப்பத்துக்காகக் கவலைப்படும் வடிவமைப்புகளை அடிக்கடி காண முடிகிறது. முதலில் இன்றைய கணக்கை நேராக்கிய பிறகே நாளைய டிகிரிகளைக் கூட்ட வேண்டும்.

தர எல்லைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்பதே இந்தக் கணக்கின் பயன். கணிப்பு 60 டிகிரியில் நின்றால் 2 டிகிரி உயர்ந்தாலும் தரம் மாறாது, கூடுதல் செலவும் இல்லை. 63-இல் நின்றால் யோசிக்காமல் மேல் தரத்துக்குப் போகலாம். பாலிமர் சேர்த்த பிட்டுமன் விலை கூடுதல் என்பதால், அதை மேல் அடுக்குக்கும் அதற்கு அடுத்த அடுக்குக்கும் மட்டும் வைத்து, வெப்பம் குறைவாக எட்டும் கீழ் அடுக்குகளுக்குச் சாதாரணத் தரத்தையே போடலாம். மெதுவாக நகரும் அல்லது நின்று புறப்படும் கனரக வாகனங்கள் ஓடும் இடங்களில், அதாவது சந்திப்புகள், ஏற்றங்கள், சுங்கச் சாவடிகள், பேருந்து நிறுத்தங்களில், சுமை தங்கும் நேரம் அதிகம் என்பதால் அங்கு மட்டும் ஒரு படி உயர்ந்த தரத்தைக் குறிப்பிடுவது சாலை முழுவதற்கும் உயர்த்துவதை விடச் சிக்கனமானது.

குளிர் எல்லையை என்ன செய்வது என்ற கேள்வி எழும். புவி சூடாவதால் குளிர்காலத் தரத்தைத் தளர்த்திவிடலாம் என்று அவசரப்படக்கூடாது. சராசரி உயர்ந்தாலும் எப்போதாவது கடுங்குளிர் வரத்தான் செய்கிறது, ஓர் இரவுக் குளிரே குறுக்கு வெடிப்புகளை உண்டாக்கப் போதும்.

முதுமையும் நீரும்

பள்ளம் கண்ணுக்குத் தெரியும், முதுமை தெரியாது. வெப்பம் கூடும்போது பிட்டுமன் ஆக்சிஜனோடு வேகமாகச் சேர்ந்து இறுகி, நெகிழ்ச்சியை இழக்கிறது. வெப்பமான இடத்தில் உள்ள தளம் மேலிருந்து கீழாக வெடிப்பதும், ஜல்லி பெயர்ந்து உதிர்வதும் பெரும்பாலும் இதனால்தான். ஆய்வகத்தில் முதுமையைப் போலச் செய்ய, பிட்டுமனை 2.1 மெகாபாஸ்கல் காற்றழுத்தத்தில் சுமார் 100 டிகிரியில் 20 மணி நேரம் வைப்பது வழக்கம். வெப்பம் கூடப்போகும் இடங்களுக்கு இதை 40 மணி நேரமாக நீட்டிச் சோதிக்கச் சொல்வது நல்லது. இருபது மணி நேரத்தில் ஒன்றுபோல் தோன்றிய இரண்டு பிட்டுமன்கள் நாற்பதில் வெகுவாகப் பிரிந்து நிற்கும்.

முதுமைக்கும் நீருக்கும் பொதுவான கதவு ஒன்று உண்டு: காற்றிடைவெளி, அதாவது கலவைக்குள் எஞ்சிநிற்கும் காற்றுத் துளைகள். கலவையை ஆய்வகத்தில் 4 விழுக்காடு இடைவெளியோடு வடிவமைக்கிறோம், களத்தில் ரோலர் ஓட்டி முடித்தபின் 7 விழுக்காடு அளவில் நிற்கிறது. 8 விழுக்காட்டைத் தாண்டினால் இடைவெளிகள் ஒன்றோடொன்று இணைந்து, நீரும் காற்றும் உள்ளே புகும் வேகம் திடீரென்று கூடிவிடும். எனவே காலநிலைக்குத் தாங்கும் சாலை வேண்டும் என்று கேட்பவருக்குச் சொல்லக்கூடிய முதல் மலிவான பதில், இறுக்கத்தைக் கறாராகச் சரிபாருங்கள் என்பதே. குறிப்பாக அடுத்தடுத்துப் போட்ட இரண்டு பட்டைகள் சேரும் நீள இணைப்பில் இறுக்கம் குறைவாகவே இருக்கும். சாலை சிதையத் தொடங்குவதும் அங்கேதான்.

ஜல்லியிலிருந்து பிட்டுமனை நீர் பிரித்துவிடுவதைத் தடுக்க, நீற்றிய சுண்ணாம்பை ஜல்லியின் எடையில் 1 முதல் 1.5 விழுக்காடு சேர்ப்பது பல ஆண்டுகளாகப் பயனளித்துவரும் முறை. நனைந்த மாதிரியின் இழுவலிமை, நனையாத மாதிரியின் வலிமையில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற சோதனை வரம்பைத் தளர்த்தாமல் கேட்க வேண்டும். வெள்ளம் எதிர்பார்க்கப்படும் பகுதிகளில், சூடான நீரில் மூழ்க வைத்துச் சக்கரத்தை ஆயிரக்கணக்கான முறை உருட்டும் ஹாம்பர்க் சோதனையையும் சேர்த்துக் கேட்கலாம்.

அடிமண்

தளத்தின் ஆயுளைக் குலைப்பதில் வெயிலுக்கு இணையாக, சில இடங்களில் அதைவிட அதிகமாக, அடிமண்ணின் ஈரம் பங்கு வகிக்கிறது. களிமண் கலந்த மண்ணின் விறைப்பு, நீர் நிரம்பும்போது பாதிக்கும் கீழே போகக்கூடும். நிலத்தடி நீர் சாலை மட்டத்துக்கு ஒரு மீட்டர் அருகில் ஏறிவந்தால், நுண்துளைகள் வழியே ஈரம் மேலேறி அடித்தளத்தையே தொட்டுவிடும். கடற்கரையோரங்களில் கடல்மட்டம் உயர்வதால் நிலத்தடி நீரும் மெல்ல உயர்கிறது. சாலை ஒருமுறைகூட வெள்ளத்தில் மூழ்காமலே கீழிருந்து பலவீனமாவது இப்படித்தான், இதை மேற்பரப்பைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அத்தகைய இடங்களில் சாலை மட்டத்தை உயர்த்துவது, நுண்துகள் இல்லாத கரடுமுரடான ஜல்லி அடுக்கு ஒன்றை இடையில் போட்டு ஈரத்தின் ஏற்றத்தை வெட்டுவது, அடிமண்ணை நனைத்த நிலையின் வலிமையோடு மட்டுமே கணக்கிடுவது ஆகிய மூன்றும் வேண்டும்.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. சுருங்கி விரியும் களிமண்ணில் நீண்ட வறட்சி வந்தால், சாலையின் நடுப்பகுதிக்குக் கீழே ஈரம் தங்கிநிற்க, ஓரம் மட்டும் காய்ந்து சுருங்கும். விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே நீளவாக்கில் ஒரு வெடிப்பு ஓடும். அதன்பின் வரும் கனமழை அந்த வெடிப்பு வழியே நேராக அடிமண்ணுக்குள் இறங்கும். வறட்சியும் பெருமழையும் மாறி மாறி வரும் காலநிலை இந்த மண்ணுக்கு மிக மோசமானது. இதற்குத் தளத்தைத் தடிப்பாக்குவது தீர்வாகாது; ஓரப்பகுதியைக் குறைந்தது ஒன்றரை மீட்டருக்கு நீர் புகாதபடி மூடுவதும், மேல் மண்ணில் சுண்ணாம்பு கலந்து நிலைப்படுத்துவதும், பெரிய மரங்களைச் சாலை விளிம்பிலிருந்து தள்ளி நடுவதும்தான் தீர்வு. மரத்தை வெட்டச் சொல்லும் ஆலோசனைக்கு இங்கே இடமில்லை, நிழலும் தளத்தின் வெப்பத்தைக் குறைக்கும் ஒரு கருவியே.

வடிகாலும் சிறுபாலமும்

அடித்தளத்துக்குள் புகுந்த நீர் எவ்வளவு விரைவில் வெளியேறுகிறது என்பதற்கு ஆஷ்டோவின் (முன்பு சொன்ன ஆஷோ சங்கத்தின் இன்றைய பெயர்) கையேடு ஓர் எளிய அளவுகோல் தருகிறது: நீரின் பாதி இரண்டு மணி நேரத்தில் வடிந்தால் மிகச் சிறப்பு, ஒரு நாளில் வடிந்தால் நன்று, ஒரு வாரம் ஆனால் சுமார், ஒரு மாதம் ஆனால் மோசம். கனமழைகளுக்கிடையே உள்ள இடைவெளி குறையும்போது, ஒரு வாரத்தில் வடியும் அடித்தளம் அடுத்த மழைக்கு முன் வடியாமலே போகக்கூடும். முன்பு 'சுமார்' என்று ஏற்கப்பட்டது நாளை மோசம் ஆகிவிடும். குறுக்குச் சரிவு 2 முதல் 2.5 விழுக்காடு இருப்பதையும், ஒவ்வொரு மறுதளம் போடும்போதும் ஓரப்பகுதி அதற்கேற்ப உயர்த்தப்படுவதையும் உறுதி செய்யுங்கள். உயர்த்தாமல் விட்டால் ஓரத்தில் நீர் தேங்கும். தாழ்ந்த ஓரப்பகுதியோ உயர்ந்த ஓரப்பகுதியோ, இரண்டும் தளத்துக்குக் கேடு.

சிறுபாலத்தின் கணக்கில் பலரும் எதிர்பாராத ஒரு நல்ல செய்தி இருக்கிறது. சிறுபாலத்தின் குழாய் நிறைந்து ஓடும்போது அதன் கொள்ளளவு, விட்டத்தின் 8/3 படியில் கூடுகிறது. எனவே 14 விழுக்காடு அதிக நீருக்கு விட்டத்தை 5 விழுக்காடு கூட்டினால் போதும். 30 விழுக்காடு அதிக நீருக்குச் சுமார் 10 விழுக்காடு. 900 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 1000 மில்லிமீட்டர் குழாயைப் போட்டால் கொள்ளளவு ஏறத்தாழ 32 விழுக்காடு கூடிவிடுகிறது. புதிதாகப் போடும்போது இதன் கூடுதல் செலவு மொத்தத்தில் சிறியது. அதே மாற்றத்தை இருபது ஆண்டு கழித்துச் செய்வதென்றால் சாலையை வெட்டி, போக்குவரத்தைத் திருப்பிவிட்டு, மண்கரையை மீண்டும் கட்ட வேண்டும். ஆகவே குழாயின் அளவில் ஐயம் எழுந்தால் அடுத்த பெரிய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிட்டுமனைப் போல இங்கே நுணுக்கமாகக் கணக்குப் போட்டுச் சேமிப்பதற்கு எதுவும் இல்லை.

இன்னொரு எண்ணையும் மனத்தில் வைக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு வடிவமைத்த சிறுபாலம் ஐம்பது ஆண்டு நின்றால், காலநிலை மாறாமலே இருந்தாலும், அந்த வெள்ளத்தை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு 87 விழுக்காடு. மாறும் காலநிலையில் அது இன்னும் கூடும். எனவே நீர் சாலையைத் தாண்டி ஓடினால் என்னவாகும் என்ற கேள்வியை வடிவமைப்பிலேயே கேட்க வேண்டும். தாழ்ந்த ஓரிடத்தைத் தேர்ந்து அங்கே மட்டும் நீர் தாண்டும்படி விட்டு, அந்தப் பகுதியின் கீழ்ச்சரிவைக் கல் பதித்தோ கான்கிரீட் போட்டோ காப்பது, சாலை எங்கே உடையும் என்று தெரியாமல் இருப்பதை விட அறிவுடைய ஏற்பாடு.

கான்கிரீட் தளம்

கான்கிரீட் இளகாது என்பதால் வெப்பத்துக்கு அதுவே விடை என்று சொல்வோர் உண்டு. 2021 ஜூன் இறுதியில் வட அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் வெப்ப அலை வீசியபோது, கனடாவின் லிட்டன் என்ற ஊரில் 49.6 டிகிரி பதிவானது. அதே நாட்களில் வாஷிங்டன் மாநிலத்தின் நெடுஞ்சாலைகளில் கான்கிரீட் பலகைகள் இணைப்புகளில் மேலெழும்பி உடைந்தன.

காரணத்தை எண்களில் பார்த்தால் எளிதில் விளங்கும். கான்கிரீட் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, சுமார் பத்து மைக்ரோமீட்டர் நீள்கிறது. போட்ட வெப்பநிலையை விட 30 டிகிரி கூடினால், 4.5 மீட்டர் பலகை ஒன்று 1.35 மில்லிமீட்டர் நீளும். நூறு மீட்டர் நீளத்துக்கு அது 30 மில்லிமீட்டர். இணைப்பின் இடைவெளி சுத்தமாக இருந்தால் அது இந்த நீட்சியை விழுங்கிவிடும். மணலும் சிறு கற்களும் அடைத்துக்கொண்டால் நீட்சிக்கு இடமின்றி அழுத்தம் ஏறும், அதுவும் இணைப்பின் முழுப் பரப்பில் அன்றி ஒரு பகுதியில் குவியும். ஒருநாள் மாலையில் இரண்டு பலகைகள் கூரைபோல் எழும்பும். ஆகவே வெப்ப அலைக்கு முன் செய்யக்கூடிய பயனுள்ள வேலை, இணைப்புகளைத் துப்புரவு செய்து மீண்டும் அடைப்பது. இது சாதாரணப் பராமரிப்பு வேலைதான் என்றாலும், பட்ஜெட் குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் இதுதான்.

வடிவமைப்பில், இணைப்புகளின் இடைவெளியைக் குறைத்தால் வெயிலில் பலகை வளைவதால் எழும் அழுத்தமும் குறைகிறது. சுண்ணாம்புக்கல் ஜல்லி பயன்படுத்திய கான்கிரீட், குவார்ட்சைட் ஜல்லி கொண்டதை விடக் குறைவாக விரிவடைகிறது. வாய்ப்பு இருந்தால் ஜல்லியின் தேர்விலேயே சிக்கலின் ஒரு பகுதியைக் குறைத்துவிடலாம்.

கட்டும்போது

வெப்பம் கூடிய நாட்களில் கான்கிரீட் போடும்போது, மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகும் வீதம் மணிக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோகிராமை நெருங்கினால் வேலையை நிறுத்துவதே நல்லது. இல்லையெனில் இறுகுவதற்கு முன்பே சுருக்க வெடிப்புகள் விழும். வீதத்தைக் கணக்கிடக் காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், கான்கிரீட்டின் வெப்பநிலை ஆகிய நான்கும் போதும். இரவு வேலைக்கு மாறுவது, கலவை நீரைக் குளிர்விப்பது, போட்ட உடனே ஈரம் ஆவியாகாமல் காக்கும் கியூரிங் கலவையைத் தெளிப்பது ஆகியவை தீர்வுகள். பிட்டுமன் வேலையில் நிலைமை வேறு: வெயில் இறுக்கத்துக்குத் துணை செய்யும், ஆனால் தளம் ஆற அதிக நேரம் எடுக்கும். மதியம் போட்ட அடுக்கை மாலையிலேயே லாரிகளுக்குத் திறந்துவிட்டால், முதல் வாரத்திலேயே சக்கரத் தடம் பதிந்துவிடும். தளத்தின் வெப்பநிலையை வெப்பமானியால் அளந்து, 50 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே திறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

குளிர்ப் பகுதிகளைப் பற்றி ஒன்றே ஒன்று. குளிர்காலம் மிதமாகும்போது, முன்பு மாதக்கணக்கில் உறைந்தே கிடந்த மண் இப்போது பூஜ்ஜிய டிகிரியைச் சுற்றி ஏறி இறங்கத் தொடங்குகிறது. நீர் உறையும்போது 9 விழுக்காடு விரிவடைவதால், உறைந்து உருகும் சுற்றுகள் கூடக் கூடச் சேதமும் கூடும். உருகும் பருவத்தில் கனரக வாகனங்களுக்கு விதிக்கப்படும் சுமைக் கட்டுப்பாட்டை நாட்காட்டியின் தேதியை வைத்து அறிவிப்பதை விட்டு, மண்ணின் வெப்பநிலையை அளந்து அறிவிக்கத் தொடங்க வேண்டும்.

வெள்ளம் வடிந்த பிறகு

2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் லூசியானாவில் மூழ்கிய சாலைகளை ஆராய்ந்தபோது, பிட்டுமன் தளங்கள் சுமார் இரண்டு அங்குல பிட்டுமன் அடுக்கை இழந்ததற்கு ஒப்பான வலிமையை இழந்திருந்தன என்றும், கான்கிரீட் தளங்களுக்கு இழப்பு குறைவு என்றும் தெரியவந்தது. மேற்பரப்பைப் பார்த்தால் அவற்றுள் பல நன்றாகவே இருந்தன. நிவாரணப் பொருட்களோடும் இடிபாடுகளோடும் கனரக லாரிகள் அதிகமாக ஓடுவதும் சரியாக அந்த வாரங்களில்தான்.

எனவே வெள்ளம் வடிந்ததும் சாலையை எல்லா வாகனங்களுக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடக் கூடாது. முதல் நாள் ஓரப்பகுதியின் அரிப்பையும் சிறுபாலங்களின் இருமுனைகளையும் நேரில் பார்த்து இலகு வாகனங்களை விடலாம். எடையை விழவிட்டுத் தளம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் விழுஎடை விலகல்மானி கிடைத்தால், மூழ்கிய பகுதியிலும் மூழ்காத பகுதியிலும் அளந்து, விலகல் வேறுபாடு குறையும்வரை அச்சுச் சுமைக்கு வரம்பு வையுங்கள். கருவி இல்லாத இடத்தில், சாலையோரம் ஒரு சிறு குழி தோண்டி அடித்தளத்தில் நீர் நிற்கிறதா என்று பார்ப்பதே போதிய அடையாளம். நீர் தெரிந்தால் லாரிகள் காத்திருக்கட்டும். எந்தப் பகுதி எத்தனை மணி நேரம் மூழ்கியது, நீர் எந்த உயரம் வரை வந்தது, எத்தனை நாளில் கனரக வாகனங்கள் அனுமதிக்கப்பட்டன என்ற விவரங்களை அன்றே பராமரிப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். அடுத்த மறுதளம் போடும் வடிவமைப்பாளருக்கு எந்தக் காலநிலை மாதிரியும் தர முடியாத தரவு அதுதான்.